வால்வு இடைவெளி

ஜசிந்தா காரின் பொனெற்றைத் திறந்து, வால்வு மூடியைக் கழற்றி மதிலில் வைத்தாள். வீட்டுக்குள் அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற கொயில் புதுசாப் போட்டாச்செல்லே. இன்னும் என்னத்தைக் கிண்டுறாய் அக்கா?" என்றான் தம்பி றெக்ஷன். நாலு மணிக்குப் பெட்டிக்குப் பின்னால் இந்த மொறிஸ் மைனரில்தான் அம்மாவைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"வால்வைப் பாக்கிறன்."

"செத்தவீட்டிலயோ? உன்ர பி.எஸ்ஸியை நாளைக்குக் காட்டன்."

அவள் இடைவெளி அளக்கும் தகடுகளை எடுத்தாள்.

மூன்று கிழமைக்கு முன், படுக்கையில் கிடந்த அப்பா, "எஞ்சின் டக்டக்கெண்டுது. இடைவெளியைப் பார் பிள்ளை. பன்னிரண்டு தகடு" என்றிருந்தார். பன்னிரண்டிலும் மெல்லிய சத்தம் இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும். அவளுக்கோ அவரை அசத்த ஆசை. இடைவெளியைப் பாதியாக்கி ஆறுக்கு இறுக்கினாள். எஞ்சின் வாய் திறக்கவில்லை.

அந்த அமைதியை அவர் முதலில் கேட்டது நேற்று, ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்தபடி பின்சீற்றில் கிடந்தபோது.

"சத்தத்தைக் காணேல்லை" என்றார்.

பண்ணைப் பாலத்தில் கார் நின்றது. திரும்ப எடுபடவில்லை. சூட்டில் உலோகம் விரியும், இறுக்கிய வால்வு மூடாது. பரீட்சையில் இதையே எழுதியவள்தான்.

"என்னடி செய்தனி?" என்று அம்மா குழறினாள்.

அப்பா ஜசிந்தாவையே பார்த்தார். "கொயில்... சூடேறினா நிக்கும். அவள் என்ன செய்யிறது."

அம்புலன்ஸ் வந்தபோது அவர் இல்லை.

இப்போது பன்னிரண்டு தகடு எந்த வால்விலும் நுழையவில்லை. எட்டு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். மூடியைப் பூட்டி ஸ்ராட் பண்ணினாள். டக்டக்கென்றது.

சத்தம் கேட்டு அம்மா ஞானசவுந்தரி வெளியே வந்தாள். மதிலில் கிடந்த பழைய கொயிலைக் கண்டதும் முகம் மாறியது.

"உந்தச் சனியனைக் கடலில எறியடா றெக்ஷன். என்ர மனுசன்ர உயிரை எடுத்தது உதுதான்."

றெக்ஷன் கை நீட்டினான். ஜசிந்தா முந்தி எடுத்துக்கொண்டாள்.

"இது நல்ல கொயில், அம்மா."

"என்னடி சொல்லுறாய்?"

"இதில ஒரு பழுதும் இல்லை. அப்பாவுக்கும் தெரியும்."

அம்மா அவளுடைய எண்ணெய்க் கைகளைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தாள். கோயில் மணி அடித்தது.

அம்மா, அவர் கிடந்த பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். கையை நீட்டிக் கொயிலை வாங்கி, வெள்ளைச் சேலை மடியில் வைத்துக்கொண்டாள்.