அடியில் ஒரு விரற்கடை

நூலகத்திலிருந்து வந்த பெண் உட்கார்ந்ததும் மேஜை விளக்கு இருக்கிறதா என்று கேட்டாள். பேப்பர்காரருக்கு அப்போதே மனசு குளிர்ந்துவிட்டது. இந்த அறைக்கு வந்தவர்கள் மின்விசிறியைப் போடச் சொல்லியிருக்கிறார்கள், சன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூட விளக்கு கேட்டதில்லை. விளக்கு கேட்கிறவள் படிக்கப் போகிறவள். அவர் படுக்கையறைக்கு ஓடிப்போய் அங்கிருந்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

பேப்பர்காரர் என்பது தெரு வைத்த பெயர். உண்மையில் அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு முழுக்கத் தாள் என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் பழைய செய்தித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அத்தோடு பெயர் நிலைத்துவிட்டது. அவர் சேர்த்ததோ பாட்டுத்தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ரயிலிலும் சந்தையிலும் பாடிப் பாடி விற்ற ஒற்றைத் தாள்கள். பாலம் இடிந்தால் ஒரு பாட்டு, வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, ஊரறிந்த கொலை என்றால் போட்டி போட்டுக்கொண்டு நாலைந்து பாட்டு. மாமியார் கொடுமைக்குக் கணக்கே கிடையாது. விற்கிறவர்கள் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். அபராதம் போட வேண்டிய மனிதர் ஆளுக்கொரு தாளை வாங்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் இந்த அறை.

இப்போது வீட்டின் சொந்தக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகள் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் நடக்க இடமிருக்காது. "நீங்க ரெண்டு பேரும் வாங்கப்பா. அது மட்டும் வேண்டாம்" என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நூலகம் எடுத்துக்கொண்டால் தாள்கள் பிழைக்கும். இல்லையென்றால் எடைக்குப் போட வேண்டியதுதான். எதிர்வீட்டுக்காரர் கேட்டது பலித்துவிடுமோ என்று ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வெள்ளம், விபத்துன்னு பிரிச்சு, உள்ள முதலடியை வச்சுத்தாம்மா அடுக்கியிருக்கேன். எந்தப் பாட்டானாலும் ஆரம்பத்தைச் சொல்லு, உடனே எடுத்துத் தரேன்."

அவள் வெள்ளப் பாட்டு கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல எடுத்தார். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் தாள் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. அவள் அதை விளக்கடியில் பிடித்துப் படித்தாள். படிக்கும்போது உதடு லேசாக அசைந்தது. ராகம் போடுகிறாள் என்று தெரிந்ததும் பேப்பர்காரர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார். இது யார் எழுதினது?"

"குடைக்காரர். மழை இருக்கோ இல்லையோ, கையில ஒரு கறுப்புக் குடை. மடக்கின குடைக்குள்ளதான் தாளெல்லாம் வச்சிருப்பார். குடையை விரிச்சா மடியில பொலபொலன்னு பாட்டு கொட்டும்." அவருக்கே சிரிப்பு வந்தது. "கடைசியா பிளாட்பாரத்துல பார்த்தேன். ஒரே இருமல். மிச்சமிருந்ததை மொத்தமா என் கையில திணிச்சிட்டார். எனக்குன்னு யாரும் இல்ல சார், உங்க பீரோவில என் பேரு இருந்தா அது போதும்னார். இருக்கும்யா, நீ தைரியமா போன்னு சொல்லி அனுப்பினேன்."

"அவர் பேரு என்ன சார்?"

"குடைக்காரர்னுதான் எல்லாரும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"அடியில போட்டிருப்பாங்களே. எழுதினவர் பேரு, அச்சகம், வருஷம், எல்லாம் ஒரே வரியில." அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் ஒரு கோப்பு முழுவதையும் மடமடவென்று புரட்டினாள். "எல்லாமே ஒரே அளவா இருக்கே. வெட்டினீங்களா?"

"ஆமாம்மா. உறை சின்னது, தாள் ஒரு விரற்கடை பெரிசு. மடிச்சா கிழிஞ்சிடும்ல? அதுக்குன்னே வெட்டுமெஷின் வாங்கிப் போட்டு, கத்தை கத்தையா வச்சு ஒரு நூல் பிசகாம வெட்டினேன்." வாயெல்லாம் பல்லாகத்தான் சொன்னார். முதலடி போய்விடக் கூடாதே என்று மேல்பக்கம் கத்தி படாமல் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதையும் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. விளக்கை அணைத்துவிட்டு, நோயாளி வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள். "ஒரு தாளைப் பதியணும்னா யாரு, எங்க, எப்பன்னு ஏதாவது ஒண்ணாவது வேணும் சார். அத்தனைக்கும் தெரியாது தெரியாதுன்னு எழுதி உள்ள வாங்க மேல ஒத்துக்க மாட்டாங்க."

"பாட்டு இருக்கேம்மா."

"பாட்டு இருக்கு சார்."

பேப்பர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினேன் என்று நினைத்தது, உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொருவர் பெயரையும் அறுத்த வேலைதானா? பூச்சிக்குப் பயந்தார், மழைக்குப் பயந்தார், பேரப்பிள்ளைகளுக்குப் பயந்தார். தன் கைக்குப் பயப்படத் தோன்றவேயில்லை.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த மனைவிதான் பேசினாள். "அந்தத் துண்டையெல்லாம் எங்க தூரப் போட்டீங்க? பின்பக்கம் வெள்ளையா இருக்கு, வீணாக்குவானேன்னு பெட்டிக்கெல்லாம் லேபிள் ஒட்டினீங்களே."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவர் நெடுக அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கோப்புக்கு ஒன்றாக வரிசையாக லேபிள்கள். வெள்ளம், விபத்து, கொலை, தாலாட்டு என்று நீல மையில் அவருடைய அழகான கையெழுத்து. அதன் முதுகுக்குப் பின்னால், பசைக்குள், அச்சு முகம் கவிழ்ந்து கிடந்தது. மிச்சத் துண்டுகள் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது.

"கிடைச்சதைப் பொருத்தி வையுங்க சார். நான் திரும்ப வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டாள். வருவாளா என்று அவர் கேட்கவில்லை.

துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மனைவி வெந்நீர் ஊற்றினாள். இந்த அறையைத் திட்டித் திட்டியே அவள் நாக்கு தேய்ந்திருக்கிறது. அவரோடு சண்டை போட்ட நாட்களிலெல்லாம் பெட்டிகளைக் காட்டி, நீங்க கட்டிக்கிட்டது அதைத்தான் என்பாள். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிகளின் முகப்பை லேபிளோடு வெட்டியெடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

முதலில் கரைந்தது நீல மைதான். வெள்ளமும் விபத்தும் கொலையும் அவர் கண்ணெதிரே இழை இழையாகப் பிரிந்து தொட்டி முழுக்கப் பரவின. எந்தப் பெட்டியில் என்ன என்று இனி அவருக்கும் தெரியாது. பிறகு பசை விட்டது. துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, புரண்டு, முகம் மேலே தெரிய மிதக்கத் தொடங்கின. பெயர்கள். அச்சகங்கள். வருஷங்கள். அச்சு மை அழியவே இல்லை.

அவர் ஒன்றை எடுத்து வெள்ளப் பாட்டின் அடியில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. இன்னொன்றை வைத்தார். அதுவும் பொருந்தியது. ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருந்தார் அல்லவா, எதுவும் எதோடும் பொருந்தியது. தாளும் எல்லாம் ஒரே மட்டரகம், அச்செழுத்தும் ஒரே மாதிரி. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் குடைக்காரனைக் கொன்னுட்டேன்" என்றார்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கினாள். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இவரா பாருங்க."

அவர் கண்ணை மூடினார். பிளாட்பாரம் தெரிந்தது, கறுப்புக் குடை தெரிந்தது, இருமித் தளர்ந்த அந்த முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகம் திரும்பவில்லை.

"இல்ல" என்றார்.

அவள் அந்தத் துண்டைத் தரையில் விரித்திருந்த பழைய துண்டுத்துணியில் ஒட்டி நீவிவிட்டு, நீலத் தண்ணீருக்குள் மறுபடி கையை விட்டாள்.

"இவரா?"