ஒன்பது மணிக்குள்

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் அம்மா தன் இரண்டு வளையல்களையும் கழற்றி என் கையில் மாட்டினாள்.

"நீதான் பத்திரமா வெச்சிருப்பே, அருந்ததி."

அம்மாவின் மருத்துவமனைத் துணைக்காகப் பள்ளியை விட்டவள் நான். அந்த வளையல்கள் எனக்கு ஒரு பதவி மாதிரி இருந்தன.

அம்மாவின் குதிகாலில் இருந்த கருப்பு மச்சம் தோல் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. பரவியிருந்தால் முதலில் தொடை இடுக்கில் உள்ள ஏதோ ஒரு நிணநீர் முடிச்சுக்குப் போகுமாம். எது என்று அறிய, மச்சத்தைச் சுற்றிக் கதிரியக்க மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மருந்து போய் நின்ற இடத்தில் டாக்டர் பேனாவால் குறி போட்டார். மறுநாள் காலை அந்த முடிச்சை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

படுக்கைக்குத் திரும்பியதும் அம்மா வளையல்களை வாங்கிப் போட்டுக்கொண்டு, குடிக்க மைலோ கேட்டாள். அந்நியர்களோடு பேச எனக்குக் கூச்சம். இருந்தும் கேன்டீன் வரிசையில் நின்று, வாய்விட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். அதற்குள் அம்மா சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டுட்டாரு. வா, பஸ்ஸுக்குப் போகலாம்."

நம்பினேன்.

வீட்டில் எங்களுக்கு முன்பே வந்திருந்த புஷ்பராணி அக்கா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். செபராங் ஜெயாவில் கிளார்க் வேலை பார்ப்பவள், பொழுது சாயுமுன் வீடு வந்ததே இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கு சிம்பாங் அம்பாட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

அம்மாவின் பையைப் பிரித்தபோது ஒரு தாள் கிடைத்தது. டாக்டர் பேச்சை மீறிச் சொந்தப் பொறுப்பில் போவதாக அம்மாவின் கையெழுத்து. சாட்சி, அக்கா; மருத்துவமனைக்கு வந்து போயிருக்கிறாள். நேரம், நான் மைலோவுக்கு நின்ற நேரம். அடியில் சித்தி ஹாஜரா என்ற மலாய்த் தாதி எழுதியிருந்தார்: 'மனம் மாறினால் நாளை ஒன்பது மணிக்குள் வரவும். பிறகு மருந்து மங்கிவிடும். அடுத்த ஸ்கேனுக்கு ஆறு வாரம் ஆகும்.'

"ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?"

அக்கா கரண்டியை வைக்கவில்லை. "அம்மாவுக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சா எவன் வருவான்? எனக்கு முப்பத்திரண்டு ஆச்சுலா. ஆறு வாரம்தானே!"

"டாக்டர் நாளைக்கே..."

"டாக்டரா என்னைக் கட்டிக்கப் போறாரு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவினாள்.

"நீ யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டே. அதனாலதானே எல்லாத்துக்கும் ஒன்னையே கூட்டிட்டுப் போறேன்."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அன்றிரவு, நான் நாள்தோறும் எழுதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

காலையில் அம்மா வெள்ளிக்கிழமை விரதம்; தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "என்னக்கா, நொண்டுறீங்க?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

மணி எட்டு இருபத்தைந்து. தேநீர்த் தட்டோடு நான் நடுவில் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை.

"வழுக்கல. அம்மாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன். புற்றுநோய். ஒன்பது மணிக்குள்ள போகணும்."

தட்டை மேசையில் வைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா ராமதாஸ்தான் கார் சாவியோடு முதலில் எழுந்தார்.

"கெரேத்தா கீழ நிக்குது. வாங்கம்மா."

அக்கா வாசல்வரைகூட வரவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒரே முறை பேசினாள்.

"ஒன்ன நம்பினேனே."

நானும் நம்பினேன் என்ற சொல் வாய்வரை வந்தது. காரின் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எட்டு ஐம்பதுக்கு சித்தி ஹாஜரா தள்ளுபடுக்கையோடு வந்தார். சேலையை விலக்கிப் பார்த்தார். மைக்குறி அழியாமல் இருந்தது. "நகையெல்லாம் கழற்றிடுங்கம்மா" என்றார்.

நான் கையை நீட்டினேன். அம்மா வளையல்களைக் கழற்றித் தாதியிடம் கொடுத்தாள்.

"மூத்தவ வந்தா குடுங்க."