அன்றைக்கு அவள் மரியாதையாகப் பேசினாள்

என் மனைவி என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். பாசம் கொஞ்சம் பொங்கினால் 'டேய் பிரேக்கு'. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஸ்டீயரிங் மாணவர் கையில் இருக்கும், என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து போனாலும், டிவியில் கார் வேகமாக வந்தாலும் என் கால் தானாகத் தரையை அழுத்தும். அதைப் பார்த்து அவள் வைத்த பெயர் அது.

இதெல்லாம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது. வாசலில் என் அக்கா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், 'டேய்' மாயமாகி 'ஏங்க' வந்துவிடும். "ஏங்க, அண்ணி வந்திருக்காங்க, வந்து பாருங்க" என்று அவள் குழைவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அக்காவுக்கோ ஒரே பெருமை. தன் தம்பியை இந்தக் காலத்திலும் மரியாதையாக நடத்தும் பெண் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்கள் அந்தப் பெருமையைக் கெடுக்கவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார்களைக் கேட்பது என் மனைவியின் வேலை. போனை எடுத்து, எந்தக் கட்டடத்துக்கு மெக்கானிக் முதலில் ஓட வேண்டும், எது நாளைக்குப் போனாலும் தாங்கும் என்று முடிவுசெய்ய வேண்டும். லிஃப்டுக்குள் மின்விசிறி சுற்றவில்லை என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள்தான் அதிகம். "கத்துறவனுக்குக் காத்திருக்கத் தெம்பு இருக்குடா" என்பாள். ஆளை உள்ளே வைத்துக்கொண்டு லிஃப்ட் நின்றிருந்தால் மட்டும்தான் அவளுக்கு அது அவசரம். மற்றதெல்லாம் வரிசையில் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மதியம் வந்தவள் கைப்பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் சரிந்தாள். பல் தந்தியடிக்கும் அளவுக்கு நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. வேலைக்குக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள், என் டிபன் டப்பாவை ஒழுங்காகக் கழுவவில்லை என்று வாசற்படி வரை திட்டிவிட்டுப் போனவள். இருமல் இல்லை, சளி இல்லை. தலை மட்டும் வெடிக்கிறது என்றாள்.

"ஆஸ்பத்திரி போலாம், எழுந்திரு" என்றேன்.

"சும்மா இருடா. காய்ச்சல் வந்தவன் எல்லாம் இன்னைக்கே ஓடினா அங்க நிக்க இடம் இருக்குமா? இது அவசரக் கேஸ் இல்ல. சாயங்காலம் நம்ம டாக்டர் கிளினிக் திறப்பாரு, அப்ப போலாம்."

எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தரம் பிரிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நானும் விட்டேன். ஆனாலும் அக்காவுக்கு ஒரு போன் போட்டேன். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், வீடு பக்கத்துத் தெருவில்தான். தெர்மாமீட்டரும் மாத்திரையுமாக வந்து சேர்ந்தாள்.

காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல் காட்டியது. அக்கா பதறவில்லை. மாத்திரை கொடுத்தாள், நெற்றியில் ஈரத் துணி போட்டாள், "இப்ப சுத்திட்டிருக்கிற காய்ச்சல்தான், கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதை. உடம்பு வேர்த்தா தானா இறங்கிடும்" என்றாள். மாத்திரையை விழுங்கிய என் மனைவி கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். அக்கா வேறொன்று கொடுத்தாள். அது உள்ளே தங்கியது.

"ஏங்க, அந்த ஜன்னலைச் சாத்துங்க. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

சாத்தினேன். அக்கா பக்கத்தில் இருக்கிறாள், அதனால் 'ஏங்க'. இவ்வளவு காய்ச்சலிலும் நாடகத்தை விடவில்லையே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். மதியம் நகர நகர உடம்புச் சூடு நன்றாகவே குறைந்தது. மறுபடி அளந்து பார்த்த அக்கா தெர்மாமீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு, நூறுதான். நான் சொன்னேன்ல?"

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கண்ணை மூடியபடியே என் மனைவி என்னைக் கேட்டாள். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. இந்த நிலைமையிலும் புருஷன் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட் வாங்கி வருகிறேன், வாந்தி எடுத்த உடம்புக்குத் தெம்பு வரும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"உன் அண்ணி போயாச்சு. நாடகம் போதும்."

"பரவாயில்லைங்க. நீங்க உக்காருங்க."

"உக்காந்துட்டுத்தான் இருக்கேன். ஓவரா நடிக்காதே."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நல்ல கனிவான பார்வை. அந்தக் கனிவுதான் எனக்குப் பழக்கமில்லாதது. என்னை அவள் முறைத்திருக்கிறாள், கிண்டலாகப் பார்த்திருக்கிறாள், தூக்கக் கலக்கத்தில் ஆசையாகப் பார்த்திருக்கிறாள். இப்படி யாரோ ஒருவரைப் பார்ப்பது போல அன்பாகப் பார்த்ததே இல்லை.

"டேய் சொல்லு பாப்போம். ஒரே ஒரு தடவை."

"சார், பயப்படாதீங்க சார்" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? கதவைக் கையால திறக்க முயற்சி பண்ணாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க."

என் மனைவி என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட அந்நியனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா இருந்தபோது கேட்டாளே 'நீங்க சாப்பிட்டீங்களா' என்று, அதுவும் என்னைக் கேட்டதுதானா என்று இப்போது சந்தேகம் வந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள்? நானும் அக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு பூரித்துப் போயிருக்கிறோம்.

என் தொழிலில் பிரேக்கைச் சீக்கிரம் அழுத்தினால் மாணவர் முறைப்பார், தாமதமாக அழுத்தினால் முறைப்பதற்கு ஆள் இருக்காது. நான் முறைப்பு வாங்கிப் பழகியவன். பீரோவிலிருந்து அவளுடைய பழைய மருந்துச் சீட்டுகள் இருந்த பையை எடுத்தேன், கார் சாவியை எடுத்தேன், ஹாலில் இருந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவள் கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நெற்றி சூடு, கை மட்டும் ஐஸ்.

அதற்குள் அக்கா பாக்கெட்டோடு வந்துவிட்டாள்.

"என்னடா நாற்காலி எல்லாம்? காய்ச்சல் இறங்கிட்டு வருது. இப்ப எதுக்கு அவளை அலைக்கழிக்கிறே?"

"அக்கா, அவ என்னை நீங்கன்னு சொல்றா."

"வேற எப்படிச் சொல்லுவா?"

"டேய்னு சொல்லுவா. எப்பவும் டேய்தான். உன் முன்னாடிதான் நீங்க, வாங்க எல்லாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நானும் என் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வருஷத்துக்குக் கேட்டிருக்க வேண்டிய பேச்சு அவள் தொண்டை வரை வந்தது தெரிந்தது.

"உன்னை டேய்னா கூப்பிடுறா?"

"டேய் பிரேக்குன்னு கூட கூப்பிடுவா. இப்ப கூப்பிட மாட்டேங்கிறா அக்கா. கெஞ்சிக் கேட்டும் கூப்பிட மாட்டேங்கிறா. என்னைச் சார்ங்கிறா."

அக்கா பாக்கெட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். என் மனைவியின் கன்னத்தைத் தட்டி, "நான் யாரும்மா?" என்றாள்.

"உங்க பில்டிங் பேர் சொல்லுங்க மேடம்."

"சூடு இறங்கின பிறகும் பேச்சு இப்படி இருக்கே" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "காய்ச்சல் உச்சத்துல உளறினா வேற. இறங்கும்போது தெளியணும்." தன் கையை என் மனைவியின் பின்தலைக்குக் கீழே கொடுத்து, முகவாய் மார்பைத் தொடும்படி மெதுவாக மடக்கப் பார்த்தாள். கழுத்து மடங்கவில்லை. என் மனைவி அலறினாள். அக்கா வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் மரியாதையில்லாத சத்தம் அதுதான்.

"காலைப் பிடி" என்றாள் அக்கா. "கிளம்பு."

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அக்கா முதுகுப் பக்கமும் நான் கால் பக்கமும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டுப் பார்த்திருந்தேன். வண்டி வெகு தூரத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம் என்றால் நீங்களே கொண்டு போவது நல்லது என்றார்கள். ஆஸ்பத்திரி இரண்டு சிக்னல் தாண்டித்தான் இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு சௌகரியம் உண்டு. முன்னாலும் பின்னாலும் எல் போர்டு இருப்பதால் சாலையில் எல்லோரும் உயிருக்குப் பயந்து ஒதுங்குவார்கள். அன்றைக்கு அந்த எல் போர்டு ஹார்னை அழுத்திக்கொண்டே பறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நன்றாக ஒதுங்கினார்கள். பின் சீட்டில் அக்கா மடியில் என் மனைவியின் தலை. கண்ணாடியில் எனக்கு அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது.

"அவனை டேய்னு கூப்பிடும்மா" என்று அக்கா கெஞ்சிக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். என் முன்னாடியே கூப்பிடு. என்னையும் கூப்பிடு. இந்தா பாரு, கண்ணைத் திற, கூப்பிடு."

"பதற்றப்படாதீங்க மேடம். ஆள் வந்துட்டிருக்காங்க."

நான் அழவில்லை. ஓட்டும்போது அழுதால் ரோடு தெரியாது என்று மாணவர்களிடம் சொல்கிறவன் நான்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். காலை வரை நன்றாக இருந்தாள், திடீரென்று நடுக்கத்தோடு காய்ச்சல், தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை, கழுத்து மடங்கவில்லை, மாத்திரையில் காய்ச்சல் இறங்கியும் ஆளை அடையாளம் தெரியவில்லை.

"அடையாளம் தெரியலன்னு எப்படிச் சொல்றீங்க? பேர் கேட்டீங்களா?"

"என்கிட்ட மரியாதையா பேசுறாங்க டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "வழக்கமா எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே திரும்பி நர்ஸிடம் ஏதோ சொல்ல, கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கப் போகிறோம், ஆனால் அதன் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை இப்போதே ஏற்றுகிறோம் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் கிருமி. டாக்டர் சந்தேகப்பட்டதே சரியாக இருந்தது.

"சாயங்காலம் கிளினிக் திறக்கிற வரைக்கும் பாத்திருந்தா?" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"கொண்டு வந்துட்டீங்கல்ல? அதை விடுங்க" என்றார்.

இரண்டு நாள் தூங்கினாள். விழிப்பு வந்தாலும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், வராத மெக்கானிக்குக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூலிலிருந்து போன் மேல் போன் வந்தது. எல்லோரிடமும் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் மாதிரிச் சொன்னேன். எனக்கு நானே கூட அதைச் சொல்லிக்கொண்டேன், நன்றாகவே சொன்னேன். அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டு என்னுடனேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அக்கா ஜன்னலோரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. நர்ஸைக் கூப்பிட எழுந்து நாற்காலியைத் தட்டிவிட்டேன். அக்கா டம்ளரை வைத்துவிட்டு என் மனைவியின் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். பிறகு, "டேய், நர்ஸும் வேணாம், யாரும் வேணாம். நான் வெளியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கதவையும் நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

என் மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"ஏன்டா இப்படி இருக்கே? சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

தாடையைத் தடவிப் பார்த்தேன்.

"நான் போயிடுவேன்னு பயந்துட்டியா?"

இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். மருந்து ஏறிக்கொண்டிருந்த கை, அதைத் தொட வேண்டாம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பிடித்துக்கொண்டேன்.