பெயர் நிரப்பாத கணினி

ஆர்லன் டேவ்ஸுக்கு இளவயதிலேயே பார்வை போய்விட்டது. நாற்பதைத் தாண்டியதும் காதும் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டது. பேச்சு மட்டும் மிச்சம். அவருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமென்றால் மடிக்கணினியில் தட்ட வேண்டும். கணினியோடு யுஎஸ்பி வயரில் இணைந்த பிரெயில் பலகையில் புள்ளிகள் எழும். விரலால் தடவிப் படிப்பார். மின்னஞ்சல், ஹாக்கி ஸ்கோர், அக்கா வெர்னாவின் வசவு, எல்லாமே அந்த ஒரு வயர் வழியாகத்தான் வந்தன.

மாகாண உதவி அலுவலகம் புதுக் கணினி கொடுத்ததும் தொல்லை தொடங்கியது. சும்மா விட்டால் கணினி உறங்கிப்போகும். எழுப்பினால் கணினி எழுந்துகொள்ளும், பலகை எழாது. வயரைப் பிடுங்கிச் செருகினாலும் பயனில்லை. அணைத்துத் தொடங்கினால் சரியாகும். ஆனால் தொடங்கும்போது கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைத் தட்டினால்தான் உள்ளே விடும். கைபேசிக்கு வருவதையும் அவர் கணினி வழியாக அந்தப் பலகையில்தான் படிப்பார். ஆகவே வெர்னா வேலை முடிந்து வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வின்னிபெக் பனியில் பேருந்து எப்போது திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் கணினியை இயக்கும் லினக்ஸில், யுஎஸ்பி கருவிகளை ஓட்டும் 'டிரைவர்' என்ற நிரலை எழுதும் குழுவுக்கு ஆர்லன் புகார் அனுப்பினார். குழுவிலிருந்த லரிசா வசிலிக் அதே ஊர்க்காரி. ஆற்றைத் தாண்டினால் அவர் வீடு. நேரிலேயே போனாள்.

"நீயும் டிரைவர், எங்க அக்காவும் டிரைவர்," என்றார் ஆர்லன், அவள் தட்டியதைப் படித்துவிட்டு. "ரெண்டு பேர்ல யாரு முதல்ல என்னைக் கரை சேக்கிறீங்கன்னு பாப்போம்."

"டேய், அவகிட்ட வாயாடாம வேலை செய்ய விடு," என்று வெர்னா சத்தமாகச் சொல்லிவிட்டு, அவருக்குக் கேட்காதென்பது உறைத்ததும் அதையே தட்டினாள். அவர் படித்துச் சிரித்தார்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. ஒவ்வொரு கணினியிலும் செய்தவர்களே பதித்து அனுப்பும் ஃபர்ம்வேர் என்ற நிரலில் அதன் உடம்பைப் பற்றிய விவரம் இருக்கும்: வயர் செருக எத்தனை போர்ட்டுகள், எது வெளியே திறந்திருப்பது, எது உள்ளேயே மூடிக் கிடப்பது. இந்தக் கணினியைச் செய்தவர்கள் அதைப் பாதியில் விட்டிருந்தார்கள். பலகை செருகியிருந்த போர்ட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விவரம் இல்லாத போர்ட்டில் எவரும் எதையும் செருகப்போவதில்லை என்று நம்பி, உறங்கும்போது டிரைவர் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. பிறகு அதைத் திரும்பக் கொடுக்கவும் தோன்றவில்லை அதற்கு.

லரிசா ஒரு விதிவிலக்கு எழுதினாள். ஃபர்ம்வேரில் இந்த மாடல் பெயர் இருந்தால் அது சொல்லும் விவரத்தை நம்பாதே, போர்ட்டை அணைக்காதே; அவ்வளவுதான். குழு ஏற்றுக்கொண்டது, அலுவலகத்தின் கணினிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. வெர்னா புளிப்பான ரூபார்ப் தண்டு போட்டுக் கேக் சுட்டு அனுப்பினாள். கோடை முழுக்க ஆர்லன் மின்னஞ்சலில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் கணினி நிறுவனம் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தது. விடுபட்ட விவரத்தை நிரப்பவில்லை. அதற்குப் பதில், இருந்த பெயரும் போயிற்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் நிரப்பப்படும்' என்று மட்டும் கிடந்தது. விதிவிலக்கு தேடிய பெயர் இல்லை. பலகை மறுபடி படுத்துவிட்டது.

அடையாளம் சொல்ல வேறு ஏதாவது உண்டா என்று லரிசா குடைந்து பார்த்தாள். உள்ளேயிருந்த சில்லுகளெல்லாம் எல்லாக் கணினியிலும் இருப்பவை. கடைசியில் அந்த 'பின்னர் நிரப்பப்படும்' என்பதையே பெயராக வைத்து விதிவிலக்கை எழுதி அனுப்பினாள். குழுத் தலைவர் ஆலிஸ்டர் ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா? பேர் போடாம விட்ட கணினி உலகத்துல எத்தனையோ. எல்லாத்துலயும் போய் இது உக்காந்துக்கும். தூங்கும்போதும் மின்சாரம் ஓடி எவன் எவன் பேட்டரியோ காலியாகும்."

"அவருக்கு வேற வழியே இல்லைங்க."

"தெரியுது. என் இடத்துல நீ இருந்தா இதைச் சேர்ப்பியா, சொல்லு."

அவள் சேர்த்திருக்க மாட்டாள்.

நிறுவனத்துக்கு எழுதினாள், பதில் இல்லை. ஆர்லனுக்கென்று தனியாக ஒரு டிரைவர் செய்து போடலாம் என்றால், கணினி அலுவலகத்துடையது, பூட்டுப் போட்டது. உறங்கவே விடாமல் வைக்கும் வசதியையும் பூட்டியிருந்தார்கள். "பாதுகாப்பு விதிங்க. எனக்கு அதைத் திறக்க அனுமதியே கிடையாது. கேட்டுப் பாக்குறேன்," என்றாள் தொலைபேசியில் அங்கிருந்த பெண். குரலில் இரக்கம் இருந்தது. அனுமதி வரவில்லை.

இதையெல்லாம் சொல்ல லரிசா ஆர்லன் வீட்டுக்குப் போனாள். அவர் மேசைமுன் உட்கார்ந்து, ஒரு விரலைப் பலகையில் வைத்து, இன்னொரு விரலால் கணினியின் ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். சூப் ஆறிப்போயிருந்தது.

"தட்டிக்கிட்டே இருந்தா தூங்காது," என்றார். "கழிவறைக்குப் போறதுதான் பெரும்பாடு. ஓடி வரணும். சுவர்ல முட்டிக்காம ஓடணும்."

அவள் நடந்ததையெல்லாம் தட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"அந்த ஆலிஸ்டர் சொல்றது சரிதானே?"

'சரிதான்.'

"அலுவலகத்துப் பொண்ணு சொல்றதும்?"

'அவங்க கையிலயும் இல்ல.'

"அப்போ யாரைத்தான் திட்டுறது? ஆளில்லாம திட்டவும் முடியலையே."

லரிசாவின் கைகள் விசைகள் மேல் அப்படியே நின்றன. வெளியே பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஆர்லன் விரலைப் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார், மறுபடி ஓட்டினார். அவர் முகம் மாறியது.

"லரிசா? நீ பேசாம இருக்கியா, இல்ல இது போயிடுச்சா?"

அவள் அவசரமாகத் தட்டினாள். 'இருக்கேன். போகல.'

"அப்பாடா," என்றார் அவர். "எதையாவது தட்டிக்கிட்டே இரும்மா. எதுவா இருந்தாலும் பரவால்ல."

வெர்னாவின் பேருந்து வரும்வரை அவள் தட்டிக்கொண்டிருந்தாள். ரோட்டில் எவ்வளவு பனி, எதிர்வீட்டு நாய் என்ன செய்கிறது, கடையில் முட்டை என்ன விலை.