மாடி வீடு நம்பிய சொல்

மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி வீடு, புதிதாகக் குடிவந்த கண் டாக்டரைக் கட்டிலோடு வெளியே வைத்தது. சத்தமில்லை, சேதமில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் விழித்தபோது மாடிப்படித் திருப்பத்தில் இருந்தார். செருப்பு ஜோடியாகப் பக்கத்தில் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அடுத்து வந்த வங்கி அதிகாரியின் குடும்பத்தையும் அப்படியே வைத்தது. தொட்டிலை மட்டும் மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்தது. கடைசியில் வீட்டுக்காரரே தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவரைத் தலைகீழாக வைத்தது.

காரணம் தெருவுக்கே தெரியும். அந்த வீட்டில் வெகுகாலம் காஜாக்காரியும் அவள் நாத்தனாரும் குடியிருந்தார்கள். தையற்கூடத்திலிருந்து சட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, பொத்தானுக்குத் துளையெடுத்து ஓரம் தைத்துக் கொடுப்பது பிழைப்பு. காஜாக்காரிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. நாத்தனாருக்கு அதைத் தவிர வேறெதுவும் வராது. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு மனுஷி. டாக்டருக்காகக் காலி செய்யச் சொன்ன அன்று, மூட்டையோடு படியிறங்கிய காஜாக்காரி பழக்கதோஷத்தில், "போயிட்டு வர்றோம்ண்ணே" என்றாள். வீட்டுக்காரரும் பழக்கதோஷத்தில், "போயிட்டு வாங்கம்மா" என்றார். போறேன் என்று நேராகச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? செத்துப்போகிறவர்கள்கூட அதைச் சொல்லாமல்தான் போகிறார்கள். மனிதர்கள் இப்படிச் சொல்வதை அந்த நிமிஷமே மறந்துவிடுவார்கள். வீட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வர்றோம் என்றார்கள், வாங்க என்றார்; அது காத்திருக்கத் தொடங்கியது.

ஊரில் வேறு வீடு கிடைக்கவில்லை. ஆம்பளைத் துணை இல்லை என்றார் ஒருவர். தையல் மெஷின் சத்தம் என்றார் ஒருவர். ஒன்றும் சொல்லத் தோன்றாதவர் கதவைச் சாத்தினார். இருவரும் பேருந்து நிலையத்தின் சிமெண்டுப் பலகைக்கு வந்தார்கள். வீட்டு விலாசம் இல்லாதவளை நம்பிச் சட்டை கொடுக்க முடியாது என்று தையற்கூடம் கைவிரித்தது. நாத்தனார் தினமும் சொல்வாள்: "வீடு நமக்குன்னுதானே கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கு. வாங்க அண்ணி, போயிடலாம்." காஜாக்காரி தலைகுனிந்து சொல்வாள்: "அவரு வாயால சொல்லாம எப்படிப் போறது?"

வீட்டுக்காரருக்கு நேரமில்லை. ஊரில் வீடற்றோரைப் புரிந்துகொள்ளும் குழு என்று ஒன்று இருந்தது, அவர்தான் தலைவர். ஊரில் பாதி வீடுகள் அவருடையவை என்பதால் வீடுகளைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார்? குழு வருஷக்கணக்காகப் புரிந்துகொண்டே இருந்தது. வீடற்றோர் என்றால் மனம் புண்படும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க விவாதித்து, வெளியில் வாழ்வோர் என்று மாற்றினார்கள். மாற்றிய அன்று நல்ல மழை. அன்றைக்கு எல்லாரும் புதுப் பெயரோடு நனைந்தார்கள். பிறகு திறந்த வானத்தின் கீழ் ஒரு பகல் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்துப் பந்தல் போட்டு இருந்தார்கள். பேருந்து நிலையத்துப் பலகையின் நடுவே, முதியோர் கை ஊன்ற என்று ஓர் இரும்புக் கம்பி பதித்தார்கள். அதன்பின் அதில் யாரும் கால் நீட்டிப் படுக்க முடியவில்லை. காஜாக்காரி அவர்களுக்கு நன்றி சொன்னாள்.

"படுக்க விடாம கம்பி வச்சவனுக்கு நன்றி வேறயா?" என்றாள் நாத்தனார்.

"பாவம், வெயில்ல நின்னு வச்சாங்க."

"உங்க தலையிலயே வச்சிருந்தா இன்னும் கும்பிட்டிருப்பீங்க."

தலைகீழாய் நின்ற மறுநாள் தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். மருந்துக்கடைக்காரர் விஷயத்தை விளக்கினார்: வீடு ஒரு சொல்லை நம்பிக்கொண்டிருக்கிறது, காஜாக்காரி போறேன் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடும். குழு கைதட்டியது. இத்தனை வருஷத்தில் அவர்கள் புரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

தலைவர் எதையும் முறையாகச் செய்பவர். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் கிளம்பும்போதே தம் வீட்டு வாசலில் நின்று ஒத்திகை பார்த்தார். "போறேன்" என்றார் மென்மையாக. பிறகு தீர்மானமாக, "போறேன்!" உள்ளேயிருந்து மனைவி, "யாருகிட்ட பேசுறீங்க?" என்றாள். "வீட்டுக்கிட்ட இல்ல" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

பலகையைச் சுற்றிக் குழு நின்றது. ஒரு போர்வையும் ஒரு புகைப்படக்காரரும் கூட வந்திருந்தார்கள். சொன்னால் நிரந்தரமாகத் தெருதான் என்பது காஜாக்காரிக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் வரவில்லை. நாத்தனார் அவள் கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. இப்ப நான் சொல்லல? போறேன். அவ்வளவுதான்" என்றார் தலைவர்.

"சொல்லட்டுமாண்ணே?"

"சொல்லும்மா."

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் என்ன சொல்லப்போறேன்? போன்னு சொல்லுவேன்."

காஜாக்காரி ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்களை ஊர் பார்த்தது அன்றுதான். "அப்ப போறேண்ணே" என்றாள்.

"போம்மா, போ!"

அவர் வாயால் சொல்லியாகிவிட்டது. அவள் எழுந்தாள். நாத்தனார் மூட்டையைத் தூக்கினாள். குழு கைதட்டிக்கொண்டிருந்தது. கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் யாரும் கேட்கவில்லை. இருவரும் கடைவீதியைக் கடந்து, மருந்துக்கடையை ஒட்டி, படியேறினார்கள். கதவு திறந்தது. உள்ளே அடுப்படி துடைத்திருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

தலைவர் நியாயம் கேட்கத் தம் வக்கீலின் எண்ணைத் தேடி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று அவர் போறேன் என்றதைக் கேட்டிருந்த வீடு திறக்கவில்லை. மனைவி வந்தாள், திறந்தது. அவர் காலெடுத்து வைத்தார், மூடியது. கொல்லைக் கதவையும் பார்த்தார். அவருடைய மற்ற வீடுகளில் குடியிருப்போரிடம் போனபோது, அவர்கள் ஆம்பளைத் துணை தேவையில்லை என்று தன்மையாகச் சொன்னார்கள். மனைவி முதலில் அழுதாள். பிறகு ஜன்னல் வழியே சாப்பாடு கொடுத்தாள். பிறகு கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப்போட்டு நன்றாகத் தூங்கினாள்.

இப்போது தையற்கூடத்து வண்டி மாடி வீட்டு வாசலில் நின்று சட்டைகளை இறக்குகிறது. குடியிருப்பவர்கள் காலி செய்யும்போது போயிட்டு வர்றோம் என்று தெருவே கேட்கச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர்கள் குளியலறையில் ஒளிந்துகொள்கிறார்கள். குழு வழக்கம்போல் கூடுகிறது, பலகையைச் சுற்றி; தலைவர் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நடத்துகிறார். முதுகு வலி பற்றித் தீர்மானம் ஒன்று நிலுவையில் இருக்கிறது. டீ குடித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து, "போயிட்டு வர்றோம் தலைவரே" என்கிறார்கள்.

"போயிட்டு வாங்க" என்கிறார் அவர்.