முத்து தங்கம், தங்கம் முத்து

பதுளையில் வீடமைப்பு அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் தங்கம் நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் மண் சரிகிற லய வரிசைக் குடியிருப்புகளுக்குப் பதிலாக மடுல்சீமையில் கட்டிய இருபது வீடுகளில் ஒன்று அவளுக்கு என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பட்டியலில் அவள் பேர் இல்லை.

ஜன்னலுக்கு உள்ளே பர்ஸானா கணினியைப் பார்த்தாள்.

"முத்து தங்கம் போன வருசமே இறந்துட்டாங்கன்னு இருக்கே, அக்கா."

"செத்தது எங்கப்பா, மிஸ். அவரு தங்கம் முத்து. நான் முத்து தங்கம்."

"என்னக்கா, திருப்பிப் போட்டுச் சொல்றீங்க?"

தோட்டத்தில் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பேர்தான் முன்னால் நிற்கும். தாத்தா தங்கம், அவர் மகன் முத்து. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர் வைப்பது வழக்கம். பிறந்தது பெண் என்பதற்காக முத்து அதை மாற்றவில்லை. ஆண், பெண் இருவருக்கும் பொருந்துகிற பேர்தானே. அவர் செத்தபோது மரணத்தைப் பதிந்தவர், அறிவிக்க வந்த மகளுடைய அடையாள அட்டையைப் பார்த்தே பேரையும் நம்பரையும் எழுதிவிட்டார். சிங்களத்தில் இருந்ததை அவளும் படிக்கவில்லை.

"அதுல ஆணுன்னு போட்டிருக்குமே, மிஸ்."

"போட்டிருக்கு. தங்கத்துல ஆண் தங்கம், பொண் தங்கம்னு இருக்கா? பேரப் பார்த்து யாருக்கு வெளங்கும்?"

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். தங்கம்தான் முதலில் நிறுத்தினாள்.

"மாத்த முடியாதா?"

"ஏலும். அப்பாவோட பேர்த் சர்டிபிகேட் வேணும்."

"அவருக்கு அதெல்லாம் எங்க இருக்கு?"

"அப்ப கொழும்புக்கு எழுதணும். ஆறு மாசம் போகும்."

"வீடு?"

பர்ஸானா பட்டியலை மறுபடி திறந்து பார்த்தாள்.

"அடுத்த பேருக்குப் போயிட்டுது, அக்கா. காலையிலயே போன்ல சொல்லிட்டாங்க."

அது யார் பேர் என்று தங்கம் கேட்கவில்லை.

பஸ் மலையேறி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. தோட்டத்துச் சந்தியில் லயத்தில் பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கும் சுபாஜினி காத்துக்கொண்டு நின்றாள். ஓடிவந்து தங்கத்தின் கையைப் பிடித்தாள். அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, எனக்கும் வீடு கெடைச்சிருச்சு. கடைசி நேரத்துல, காலையிலதான் போன்ல கூப்பிட்டாங்க. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல கேட்டுப் பார்ப்போமா?"

"கேட்டுப் பார்ப்போம்" என்றாள் தங்கம்.