வெயிலுகந்தம்மாள் வீட்டுத் தவளைகள்

சித்திரை பதினோராம் தேதி, கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டு மழை காணாத கரிசல் வெடிப்புகளிலிருந்து நானூறு தவளைகள் ஏறி வந்து, ஆடு மேய்க்கும் வெயிலுகந்தம்மாள் வீட்டில் மட்டும் குடியிருந்தன. பக்கத்து வாசலில் தொட்டி நிறையத் தண்ணீர் கிடந்தும் அங்கே ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. முதல் வாரம் அவள் விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தாள். தள்ளியவை அவளுக்கு முன்பாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன. படுத்தால் இடது மார்போரம் வந்து அடைந்தன. அங்கே புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று மாசியிலிருந்தே இருந்தது. அதை அவள் புருஷன் வேல்சாமியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

சேதி கேட்டு, கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் சுதாராணி வந்தார். தவளைத் தோலில் ஊறும் பெப்டைடு என்ற துண்டுப் புரதத்தை ஏழு வருஷமாக ஆராய்கிறவர். கிருமியை விரட்டத் தவளைக்கு வாய்த்த அந்தச் சரக்கு, கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்லையும் ஓட்டை போட்டுக் கொல்வதைக் கண்ணால் கண்டவர். அவர் ஒரு தவளையின் முதுகைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இதைச் சொல்ல, வெயிலுகந்தம்மாள் முதல்முறையாகக் கட்டியைப் பற்றி வாய் திறந்தாள்.

“கெட்டது எது, நல்லது எதுன்னு இதுக்கு எப்படிம்மா தெரியுது?”

“கெட்ட செல்லோட மேல்தோல்ல மின்சாரம் வேற மாதிரி இருக்கும்க்கா. காந்தம் கணக்கா இது அதுல போய் ஒட்டிக்கிடும். ஆனா தட்டுல நடக்கது உடம்புலயும் நடக்கும்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லலை. நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“அப்ப இதுவ எதுக்கு இங்கன வந்திருக்கு?”

சுதாராணி அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டார்.

திருநெல்வேலியில் கட்டியை வெட்டி எடுத்தார்கள். எட்டு மாதம் மருந்து ஏறியது. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, அவள் கஞ்சிக்கே அழுதாள். போகும்போதெல்லாம் நாற்பது தவளைகள் பஸ் ஏறி அவள் காலடியில் அடக்கமாக உட்கார்ந்து வந்தன. “பாத்து நில்லுங்க, தவளை கெடக்கு” என்பதோடு கண்டக்டர் விட்டுவிட்டார். சுதாராணி கொண்டுபோன பஞ்சில், ஊரிலுள்ள மற்றத் தவளைகளிடம் இல்லாத எதுவும் அகப்படவில்லை. கட்டி திரும்பவில்லை. மருந்து கேட்டது என்றார் டாக்டர், யாரும் மறுக்கவில்லை.

அடுத்த ஆனியில் ஒரு காலை, தவளைகள் வரிசையாகப் படியிறங்கித் தெருவைக் கடந்து டீக்கடை சாமித்துரை வீட்டுக்குள் போயின. ஒரு தும்மல்கூட அறியாத ஆள் அவர். அவற்றைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

“இருங்க அண்ணாச்சி, நானும் வாரேன்” என்றாள் வெயிலுகந்தம்மாள். “யாரப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்.”

இருவரும் எட்டரை மணி பஸ்ஸுக்கு நின்றார்கள்.